லேசர் டையோடுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி
மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு

கண்ணீர் அஞ்சலி!
பெயர்: சிவப்பு லேசர் டையோடு, 650 நானோமீட்டர், 5 மில்லிவாட்.
தோற்றம்: காலை 10.05. மறைவு: காலை 10.05.
இங்ஙனம், வருந்தும் புராஜெக்ட் பேட்ச்.

இப்படி ஒரு போஸ்டரை எங்கள் லேப் கதவில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி ஒட்டிவிட்டான். லேப் முழுவதும் ஒரே சிரிப்பு. எங்கள் பேட்ச் மட்டும் சிரிக்கவில்லை. காரணம், அது நாங்கள் அடக்கம் செய்த முதல் டையோடு. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போயின. மூன்றும் மூன்று விதமான சாவு. மூன்றாவது சாவின்போது என் கண்ணும் போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அந்தக் கதையையும், அதிலிருந்து நாங்கள் கற்றதையும் அடுத்த பேட்ச் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். டையோடு போனால் டீ, வடைக் காசோடு போகும். கண் போனால்?

எங்கள் புராஜெக்ட் ஒன்றும் ராக்கெட் அல்ல. வாசலின் ஒரு பக்கம் லேசர், எதிர்ப்பக்கம் ஒரு எல்.டி.ஆர். நடுவில் யாராவது குறுக்கே போனால் பஸ்ஸர் கத்தும். திருடன் அலாரம்! வருடா வருடம் யாராவது ஒரு பேட்ச் செய்கிற அதே அலாரம்தான். எல்.டி.ஆர். பக்கம் ஒரே நாளில் வேலை செய்தது. லேசர் பக்கம்தான் எங்களைச் சுற்ற விட்டது.

முதல் சாவு: "எல்.இ.டி. மாதிரிதானே!"

எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் எல்.இ.டி. மட்டுமே. லேசர் டையோடும் ஒரு டையோடுதானே, ஏறக்குறைய 2.2 வோல்ட் கொடுத்தால் எரியும் என்று கேள்விப்பட்டோம். லேப் பவர் சப்ளையை எடுத்து நேராக இரண்டு காலிலும் கொடுத்தோம். 2.1 வோல்ட்டில் மங்கலாகச் சிவந்தது. குமிழை இன்னும் கொஞ்சம் திருகினேன். பளீரென்று ஒரு வெளிச்சம்! "மாப்ள, எரியுதுடா!" என்று நண்பன் குதித்தான். குதித்த கால் தரைக்கு வருவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் அதே மங்கல்தான்.

என்ன நடந்தது? எந்த டையோடாக இருந்தாலும் அது திறக்கும் வோல்டேஜைத் தாண்டியதும் கரன்ட் செங்குத்தாக ஏறும். வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் கரன்ட் நிறையக் கூடும். கரன்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் அதே வோல்டேஜில் இன்னும் அதிகக் கரன்ட் பாயும். நாம் வோல்டேஜைக் கையில் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், கரன்ட் நம் கையை விட்டு ஓடிவிடும்.

எல்.இ.டி. இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். லேசர் டையோடு பொறுக்காது. ஏன் தெரியுமா? அதற்கு ஒரு வாசல் கரன்ட் உண்டு. அந்த வாசலுக்குக் கீழே அது சாதாரண எல்.இ.டி. போல மங்கலாக எரியும். வாசலைத் தாண்டியதும் லேசராக மாறி, ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் ஒளி கிடுகிடுவென்று ஏறும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வாசல் 25 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிஆம்பியருக்கு 0.6 மில்லிவாட் ஒளி. அப்படியென்றால் 5 மில்லிவாட்டுக்கு ஏறக்குறைய 33 மில்லிஆம்பியர் போதும். 41 மில்லிஆம்பியர் கொடுத்தால்? கரன்ட் கால் பங்குதான் கூடியது, ஒளியோ இரண்டு மடங்காகிவிட்டது! டேட்டா ஷீட்டில் 5 மில்லிவாட் என்று போட்டிருக்கும் ஒரு டையோடிடம் 10 மில்லிவாட் கேட்டால் அது உயிரோடு இருந்து பதில் சொல்லாது.

சாவு எங்கே நடக்கிறது?

டையோடின் உள்ளே உப்புக்கல்லை விடச் சிறிய ஒரு படிகத் துண்டு இருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் கண்ணாடி போல வழுவழுப்பானவை. ஒளி அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் ஓடிப் பெருகி, ஒரு முனை வழியாக வெளியே வருகிறது. அந்த முனையில் ஒளி வரும் இடம் சுமார் 1 மைக்ரான் உயரம், 3 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் 5 மில்லிவாட் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 167 கோடி வாட் ஆகிறது! உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். அதாவது வெயிலைப் போல் 16 லட்சம் மடங்கு.

இவ்வளவு ஒளியைத் தாங்கும் முனையில் கொஞ்சம் அதிகமானால் என்ன ஆகும்? முனை ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சூடான இடம் இன்னும் அதிகமாக உறிஞ்சும். கடைசியில் கண்ணாடி முகம் உருகிக் கெட்டுப்போகும். இதெல்லாம் மைக்ரோ செகண்ட், சில சமயம் அதற்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். ஃபியூஸ் போட்டுக் காப்பாற்றலாம் என்று யாராவது நினைத்தால், ஃபியூஸ் எழுந்து உட்காருவதற்குள் இங்கே பால் ஊற்றி முடித்திருப்பார்கள்.

கண்ணாடி முகம் போன பிறகும் உள்ளே டையோடு சந்தி இருக்கும். அதனால் கரன்ட் பாயும், மங்கலாக எரியவும் செய்யும். செத்தும் மினுக்கும்! "எரியுதே, பிறகு ஏன் புள்ளி விழவில்லை?" என்று நாங்கள் அரை நாள் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தது இதனால்தான்.

கொஞ்சம் வரலாறு

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் 1962-ல் முதல் குறைகடத்தி லேசரை எரிய வைத்தார்கள். காலியம் ஆர்சினைடு படிகம். அதைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, அதாவது சுமார் மைனஸ் 196 டிகிரியில், துடிப்புத் துடிப்பாகத்தான் கரன்ட் கொடுத்தார்கள். தொடர்ந்து கொடுத்தால் சூடு தாங்காது.

நம் அறை வெப்பத்தில் தொடர்ந்து எரியும் லேசர் டையோடு வர 1970 ஆயிற்று. லெனின்கிராடில் ஷோரெஸ் அல்ஃபெரோவ் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் அந்த ஆண்டிலேயே சாதித்தார்கள். வேறு வேறு குறைகடத்திகளை அடுக்கடுக்காக வைக்கும் அந்த முறைக்காக அல்ஃபெரோவுக்கு 2000-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொடர்ந்து கரன்ட் தாங்க வைக்கவே பெரியவர்களுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. நாங்கள் ஒரு குமிழைத் திருகி ஒரு நொடியில் அதைக் கொன்றோம்!

இரண்டாம் சாவு: சர்க்யூட் சரி, வரிசை தப்பு

புத்தி வந்து, வோல்டேஜை விட்டுவிட்டுக் கரன்ட்டைக் கட்டுப்படுத்துவோம் என்று எல்.எம்.317 ஐ.சி.யை எடுத்தோம். இரண்டாம் ஆண்டு லேப்பில் எல்லோரும் பார்த்த அதே மூன்று கால் ரெகுலேட்டர்தான். அது தன் அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட்டை நிலைநிறுத்தும். அந்த இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டு, அட்ஜஸ்ட் காலில் இருந்து லோடை எடுத்தால், கரன்ட் என்பது 1.25 வகுத்தல் ரெசிஸ்டன்ஸ். 39 ஓம் போட்டால் 32 மில்லிஆம்பியர். அவ்வளவுதான் ஃபார்முலா!

கணக்கு சரி. சர்க்யூட் சரி. சுவிட்சைப் போட்டோம், ஐ.சி. சூடாகவில்லை, எல்லாம் சுபம். பிறகு டையோடை எடுத்து, சப்ளை ஆனில் இருக்கும்போதே, இரண்டு வயர்களுக்கு நடுவில் வைத்தேன். பளிச். போயே போச்சு.

எங்கே தப்பு? லோடு இல்லாதபோது கரன்ட் பாய வழியில்லை. 32 மில்லிஆம்பியரை எப்படியாவது பாய்ச்ச வேண்டும் என்று ஐ.சி. தன் அவுட்புட் வோல்டேஜை முடிந்தவரை ஏற்றிவிடும். 9 வோல்ட் கொடுத்தால் அவுட்புட்டில் இருக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 7 வோல்ட்டுக்குச் சார்ஜ் ஆகிக் காத்திருக்கும். அந்த நேரத்தில் டையோடை வைத்தால், அந்தக் கெப்பாசிட்டர் ஐ.சி.யைக் கேட்காமலேயே தன் மூட்டையை டையோடின் தலையில் கொட்டும். கெப்பாசிட்டருக்குக் கரன்ட் லிமிட் கிடையாது நண்பர்களே!

மல்டிமீட்டரைச் சீரியலில் போட்டுக் கரன்ட் பார்ப்பதிலும் இதே ஆபத்து. புரோப் முனை ஒரு கணம் விலகி மீண்டும் தொட்டால், நாம் லோடைக் கழற்றி மாட்டியதற்குச் சமம். பிரெட் போர்டில் லூஸ் கான்டாக்ட் இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே ஒரே விதி. மாட்டும்போது: முதலில் இணைப்பு, பிறகு சுவிட்ச். கழற்றும்போது: முதலில் சுவிட்ச், பிறகு கெப்பாசிட்டரை ஷார்ட் செய்தல், அதன் பிறகே இணைப்பு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இதை மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை.

மூன்றாம் சாவு: கண்ணுக்குத் தெரியாத எதிரி

மூன்றாவது டையோடு இன்னும் பாவம். அதற்கு நாங்கள் கரன்ட்டே கொடுக்கவில்லை. கவரிலிருந்து எடுத்து, கையில் வைத்து அழகு பார்த்து, சோல்டர் வைத்து, சுவிட்ச் போட்டபோது அது ஏற்கெனவே மங்கல் கேஸ்.

சந்தேகத்துக்கு இடமான ஆட்கள் இருவர். ஒன்று, நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம். பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே சேரும். நம் விரலுக்குச் சுரீர் என்று தெரிய ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். லேசர் டையோடு கெட்டுப்போக அதில் சிறு பங்கே போதும். நமக்குத் தெரியாமலே நாம் கொன்றிருப்போம். இரண்டாவது ஆள், எர்த் இல்லாத இரண்டு பின் சோல்டரிங் அயர்ன். அதன் முனையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், லேசாக எரிந்தால் லீக்கேஜ் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் அயர்னில் எரிந்தது!

மருந்து எளிது. டையோடை வாங்கிய உடனே அதன் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஷார்ட் செய்துவிட வேண்டும். மூன்று பின் எர்த் உள்ள அயர்னை மட்டும் பயன்படுத்த வேண்டும். தொடும் முன்பு எர்த் ஆன இரும்பு மேசையையோ, உபகரணத்தின் உலோக உறையையோ தொட்டுக்கொள்ள வேண்டும். சோல்டர் முழுவதும் முடிந்த பிறகே அந்தச் செம்புக் கம்பியை வெட்டி எடுக்க வேண்டும்.

இந்த மூன்றாவது டையோடால்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன சம்பவம். முதலில் அந்த மங்கல் வெளிச்சமும் விட்டு விட்டு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, கையில் இருந்த கடைசி டையோடை, பித்தளைக் குழாய்க்குள் லென்ஸோடு வரும் ரகம் அது, அதே போர்டில் மாட்டினேன். அதுவும் எரியவில்லை. "இதுவும் போச்சுடா" என்று சொல்லி, உள்ளே ஏதாவது சிவக்கிறதா என்று குனிந்து குழாய்க்குள் பார்க்கப் போனேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். லேப் இன்ஸ்ட்ரக்டர் சார்! இழுத்த வேகத்தில் மேசை ஆடியது. லூஸாக இருந்த வயர் ஒட்டிக்கொண்டது. என் கண் இருந்த இடத்துக்கு நேர் பின்னால், சுவரில், சிவப்பாக ஒரு புள்ளி.

சார் சத்தம் போடவில்லை. "தம்பி, அது செத்துட்டுதுன்னு நீயா முடிவு பண்ணாதே. பேட்டரி கழட்டினாத்தான் அது செத்தது" என்றார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை செய்த சர்க்யூட்

இனி நாங்கள் கடைசியில் கட்டிய சர்க்யூட்டைச் சொல்கிறேன். படம் இல்லாமலே நோட்டில் வரைந்துகொள்ளலாம்.

9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சுவிட்ச் வழியாக எல்.எம்.317-ன் இன் கால். எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட், இன். இன் காலுக்கும் மைனஸுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட். அவுட் காலிலிருந்து 39 ஓம், அதோடு சீரியலில் 100 ஓம் பிரீசெட். பிரீசெட்டின் மறுமுனை அட்ஜஸ்ட் காலில் சேர்கிறது. அந்தச் சந்திப்பிலிருந்து மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதே சந்திப்பிலிருந்து 10 ஓம் வழியாக லேசரின் ஆனோடு. கேத்தோடு மைனஸுக்கு. லேசரின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு 1என்4148 தலைகீழாக, அதன் கோடு போட்ட பக்கம் லேசரின் ஆனோடு பக்கம் வரும்படி.

ஒவ்வொன்றும் ஏன் என்று பார்ப்போம்.

39 ஓம்: பிரீசெட்டை யார் எவ்வளவு திருகினாலும் 32 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. பிரீசெட் மட்டும் போட்டிருந்தால் பூஜ்யத்துக்குத் திருகிய நொடியில் 1.5 ஆம்பியருக்கும் மேல் பாய ஐ.சி. தயாராகிவிடும்.

பிரீசெட்: அதன் நடுக் காலை ஒரு ஓரக் காலோடு சேர்த்து விடுங்கள். நடுக்கால் உள்ளே தூசி பட்டு விலகினாலும் முழு 100 ஓம் சர்க்யூட்டில் இருக்கும், கரன்ட் 9 மில்லிஆம்பியருக்குக் குறையுமே தவிர அறுந்துபோகாது.

100 மைக்ரோஃபாரட்: சுவிட்ச் போட்டதும் முதலில் இது நிரம்ப வேண்டும். 32 மில்லிஆம்பியரில் அது நிரம்ப ஏறக்குறைய 8 மில்லி செகண்ட் ஆகும். அதனால் டையோடுக்குக் கரன்ட் அடியாக விழாமல் மெதுவாக ஏறும்.

10 ஓம்: இதற்கு இரண்டு வேலை. திடீர் வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். இன்னொன்று, இதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வோல்டேஜில் வைத்தால் கரன்ட் தெரிந்துவிடும். 320 மில்லிவோல்ட் என்றால் 32 மில்லிஆம்பியர். சர்க்யூட்டை அறுத்து மீட்டரைச் சொருகும் ஆபத்து இல்லை!

1என்4148: பல லேசர் டையோடுகள் தலைகீழாக ஏறக்குறைய 2 வோல்ட் மட்டுமே தாங்கும். பேட்டரியை மாற்றிப் போட்டால் இது முன்னால் நின்று அடி வாங்கும்.

ஒரு முக்கியமான விஷயம். கெப்பாசிட்டர், 10 ஓம், டையோடு மூன்றும் ஒரே சின்ன போர்டில் நிரந்தரமாகச் சோல்டர் ஆகியிருக்க வேண்டும். நடுவில் சாக்கெட்டோ கனெக்டரோ வேண்டாம். 10 ஓம் இருந்தாலும், 7 வோல்ட்டுக்குச் சார்ஜ் ஆன கெப்பாசிட்டரில் டையோடை மாட்டினால் முதல் அடி ஏறக்குறைய 470 மில்லிஆம்பியர். சர்க்யூட்டில் கனெக்டர் வேண்டுமென்றால் அது பேட்டரி பக்கம் இருக்கட்டும்.

5 வோல்ட்டில் இந்தச் சர்க்யூட் ஒழுங்காக ஓடாது. டையோடுக்கு 2.3, 10 ஓமுக்கு 0.3, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்கு ஏறக்குறைய 2. கூட்டினால் 6 வோல்ட்டை நெருங்குகிறது. 9 வோல்ட் இருந்தால் நிம்மதி. பேட்டரியில் ஓட்டுவதால் ஃபேன், டியூப்லைட் போட்டு அணைக்கும்போது மெயின்ஸில் வரும் குதிப்புகளும் எட்டிப் பார்க்காது.

முதலில் பொய் டையோடு

சர்க்யூட் கட்டியதும் லேசரை மாட்டிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக மூன்று 1என்4007 டையோடுகளைச் சீரியலில் போடுங்கள். ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் ஏறக்குறைய 2.2 வோல்ட். லேசரைப் போலவே நடிக்கும், செத்தாலும் கவலையில்லை. பத்து தடவை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஆசிலோஸ்கோப் கிடைத்தால் 10 ஓம் மீது வைத்து, ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ஊசி போல ஏதாவது எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

பிறகு நிஜ டையோடு. மூன்று கால் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று லேசர், ஒன்று உள்ளே ஒளியை அளக்கும் ஃபோட்டோ டையோடு, ஒன்று இரண்டுக்கும் பொது. எந்தக் கால் எது, பொதுக்கால் பிளஸ்ஸா மைனஸா என்பது நம்பருக்கு நம்பர் மாறும். டேட்டா ஷீட் பார்க்காமல் கை வைக்காதீர்கள். வெறும் டையோடின் ஒளி விசிறி போல விரியும். லென்ஸ் வைத்தால்தான் கற்றை.

பிரீசெட்டை முழு 100 ஓமில் வைத்து ஆரம்பியுங்கள். 10 ஓம் மீது 90 மில்லிவோல்ட், மங்கல் வெளிச்சம். மெதுவாகத் திருகுங்கள். ஓரிடத்தில் வெளிச்சம் திடீரென்று எழும். அதுதான் வாசல்! அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பத்து சதவீதம் போய் நின்றுவிடுங்கள். எங்கள் டையோடில் 250-ல் எழுந்தது, 275-ல் நிறுத்தினோம். எல்.டி.ஆருக்கு அது தாராளம்.

வெயிலும் ஏ.சி.யும்

"டேட்டா ஷீட்டில் இன்னும் அதிகம் போகலாம் என்று இருக்கிறதே?" என்று கேட்கலாம். சூடு ஏறினால் டையோடின் வாசல் கரன்ட்டும் ஏறும். மே மாத மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் கடைசி எல்லைவரை திருகி வைத்தோம் என்று வையுங்கள். அதே போர்டை ஏ.சி. ஹாலில் கொண்டுபோய் வைத்தால் வாசல் இறங்கிவிடும். கரன்ட் அதேதான், ஒளியோ எல்லையைத் தாண்டிவிடும். சர்க்யூட்டில் ஒரு கை கூடப் படாமல் டையோடு சாகும்.

அந்த ஃபோட்டோ டையோடு இருப்பது இதற்காகத்தான். அது ஒளியைப் பார்த்துச் சொல்ல, டிரைவர் சர்க்யூட் கரன்ட்டைக் கூட்டிக் குறைத்து ஒளியை ஒரே அளவில் வைக்கும். அந்த வம்பு வேண்டாமென்றால், நம்மைப் போல எல்லைக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். டையோடைப் பித்தளை அல்லது அலுமினிய உறையில் வைத்தால் சூடும் வெளியேறும்.

ரெடிமேட் மாட்யூல் வாங்கினால்?

கடைகளில் கே.ஒய்-008 என்று சின்ன மாட்யூல் கிடைக்கிறது. இம்மாதிரி மலிவு மாட்யூல்களில் பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர் மட்டுமே காவல். 91 ஓம் என்று வைத்தால் 5 வோல்ட்டில் ஏறக்குறைய 31 மில்லிஆம்பியர். சப்ளை 5.5 ஆனால் 36. முன்பு போட்ட கணக்குப்படி அந்த 5 மில்லிஆம்பியருக்கு 3 மில்லிவாட் கூடிவிடும். ஆகவே சப்ளை ரெகுலேட் ஆனதாக இருக்கட்டும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னுக்கு 40 மில்லிஆம்பியர் என்பது உடைகிற எல்லை, 20 என்பதே மரியாதை. லேசரை நேராகப் பின்னில் மாட்டாமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள்.

கண்ணைப் பற்றி

5 மில்லிவாட்டில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நம் கண்ணில் ஒரு லென்ஸ் இருக்கிறது நண்பர்களே. அது உள்ளே வரும் லேசர் கற்றையை விழித்திரையில் ஒரு சின்னஞ்சிறு புள்ளியாகக் குவிக்கும். 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியும் லேசரை இரண்டாம் வகுப்பு என்பார்கள். நாம் கால் நொடியில் கண்ணை மூடித் திரும்பிவிடுவோம், அது காப்பாற்றும் என்பது கணக்கு. அதற்கு மேல் அந்தக் கணக்கு உத்தரவாதம் இல்லை.

பழைய டி.வி.டி. ரைட்டரைப் பிரித்து அதன் சிவப்பு டையோடை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது 100 மில்லிவாட்டுக்கும் மேல் போகக்கூடியது. நேராகப் பார்க்க வேண்டாம், மேசையில் கிடக்கும் ஸ்டீல் ஸ்கேலில் பட்டுத் திரும்பியது கண்ணில் பட்டாலே போதும். கண்ணை மூடும் முன்பே காரியம் முடிந்துவிடும். சி.டி. டிரைவில் இருக்கும் 780 நானோமீட்டர் டையோடு இன்னொரு விதமான ஏமாற்றுக்காரன். ஒளி முழுவதும் வந்தாலும் நம் கண்ணுக்கு லேசான சிவப்பாகத்தான் தெரியும். பளிச்சென்று தெரியாததால் கண்ணும் மூடாது. கூலிங் கிளாஸ் போட்டால் பாதுகாப்பு என்பதும் பொய். அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடியே கண்ணாடி. அது இல்லாமல் அந்த டையோடுகளைத் தொடாதீர்கள்.

கண்காட்சி நாள்

கடைசியில் எங்கள் அலாரம் கண்காட்சிக்கு வந்தது. திருடனின் இடுப்பு உயரம் என்று கணக்குப் போட்டு, தரையிலிருந்து மூன்றடியில் கற்றையை வைத்திருந்தோம். காலையில் எல்லாம் தயார். கூட்டம் வரும் நேரத்தில் இன்ஸ்ட்ரக்டர் சார் வந்து நின்று பார்த்தார். "யாருக்காகப்பா இந்த உயரம்?" என்றார். "திருடனுக்கு சார்" என்றோம். "இன்னிக்கு யார் வர்றாங்க?" என்றார்.

பக்கத்து நர்சரி பள்ளியிலிருந்து குழந்தைகள் வரிசையாகக் கை கோர்த்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடியில் இருக்கிறது. எங்கள் கற்றை சரியாக அங்கேதான் நின்றது!

ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றினேன். அரை மணி நேரத்தில் கற்றையை முழங்காலுக்குக் கீழே இறக்கினோம். இரண்டு பக்கமும் பி.வி.சி. குழாய்த் துண்டை நீட்டி, நடுவில் ஒரு ஷூ நுழையும் இடைவெளி மட்டும் விட்டோம். எல்.டி.ஆருக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கரன்ட்டையும் வாசலை ஒட்டிக் குறைத்தோம். ஒளியை அளக்க எங்களிடம் மீட்டர் கிடையாது, ஆகவே கணக்கை மட்டும் நம்பாமல் குழாயை நம்பினோம். குழந்தைகள் இடைவெளியில் காலை விட்டு விட்டு எடுத்தார்கள். பஸ்ஸர் நாள் முழுவதும் கத்தியது. டையோடு மாலைவரை சாகவில்லை.

பரிசு வேறு பேட்ச்சுக்குப் போனது. பரவாயில்லை. அந்த டையோடு இன்றும் எங்கள் லேப் அலமாரியில் இருக்கிறது, கால்களில் செம்புக் கம்பி சுற்றியபடி. அடுத்த பேட்ச் நண்பர்களே, எடுத்துப் பயன்படுத்துங்கள். முதலில் இணைப்பு, பிறகு சுவிட்ச். எரியவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

லேப் கதவில் இன்னொரு கண்ணீர் அஞ்சலி ஒட்டும் வேலை யாருக்கும் வராதிருக்கட்டும்!